பிரேக்கில் வைக்கும் கால்

நாற்பத்தாறு வயதுவரை கார் பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கார்களை ஓட்டுகிறவர்களுக்கு எங்கள் ஆம்பூர் கம்பெனியில் ஷூ தைக்கிறோம். கணுக்கால்வரை ஏறும் ஷூ, அடிப்பாகம் மெல்லிசாக இருக்கும், உள்ளே நெருப்புப் பிடிக்காத துணி வைத்திருக்கும். அது யாருடைய காலுக்குப் போகிறது என்று நான் யோசித்ததில்லை. சாம்பிள் ரூமுக்கு அளவு வரும், தோல் வரும், தைத்து அனுப்புவோம். பெட்டியை ஒட்டியதும் மறந்துவிடுவோம்.

நோரா என்ற பந்தய ஓட்டுநரின் கால் மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது. மலேசியாவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே பஞ்சு சுற்றிய ஒரு பிளாஸ்டர் அச்சு. இடது கால். கட்டை விரலும் அடுத்த விரலும் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று சரிந்திருந்தது. போன வருடம் ஒரு பந்தயத்தில் காரின் முன்பக்கம் நசுங்கியதில் அந்த விரல்கள் போயிருக்கின்றன. பந்தயக் காரில் பலர் இடது காலால்தான் பிரேக் போடுவார்களாம், அவரும் அப்படித்தான். அச்சைப் பார்த்து இரண்டு ஜோடி தைத்து அனுப்பினோம். இரண்டும் திரும்பி வந்தன. கூடவே ஒரு வரி: காலுக்கு பிரேக் தெரியவில்லை.

மேனேஜர் இம்தியாஸ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அளவுல ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா அந்தம்மாக்கு செட் ஆவல. நேர்ல பாத்தாதான் தெரியும். மூணாவது ஜோடிய எடுத்துக்கினு நீங்களே போய்ட்டு வந்துடுங்க ஸ்டெல்லா."

"நானா சார்? எனக்கு இங்கிலீஷே கம்மி."

"பரவால்ல," என்றவர் என் வலது காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மேஜையைப் பார்த்தார். எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. வலது கால் குட்டை, சூம்பல். பதினெட்டு வயதிலிருந்து அந்தக் காலுக்கான ஷூவை நானேதான் செய்துகொள்கிறேன். ஏன் என்னை அனுப்புகிறார் என்று புரிந்தது. கோபம் வரவில்லை. வேறு யாரை அனுப்புவார்?

என் வீட்டுக்காரர் ராஜா ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கிளம்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எவனாச்சும் பேஜார் பண்ணா உடனே போன் போடு. வெயில்ல ஜாஸ்தி நிக்காத." அந்த ஊர் வெயில் எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பந்தயங்கள் அந்த வருடம் ஆறு சுற்று. நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாவது சுற்றுக்கு. தாய்லாந்தில் கடலோரமெல்லாம் இல்லாத, வயலும் மண்சாலையுமான ஓர் உள்நாட்டு ஊர். விமான நிலையத்தில் என் பெயரை அட்டையில் தமிழிலேயே எழுதிப் பிடித்திருந்தார் ஒருவர். குணசேகரன், மலேசியத் தமிழர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பந்தயக் காரை ஊர் ஊராகச் சுமந்து போகும் லாரியை ஓட்டுபவர்.

"பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றார்.

"எங்கண்ணா ஆறுது. பிளேன்ல குடுத்தது பத்தல."

அவர் சிரித்தார். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவதாம். வழியில் ஒரு கடையில் வாழையிலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் வாங்கிக் கொடுத்தார். சோற்றைக் கையால் உருட்டினால் களிமாதிரி திரண்டு வந்தது. "ஆம்பூர்னா பிரியாணி இல்ல?" என்றார். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் எங்கள் ஊருக்கு இதுதான் கதி. ஷூ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பந்தயத் தடத்தில் முதலில் எனக்கு ஏமாற்றம். கார்கள் நம் ஹைவேயில் போகிற கார்கள் மாதிரியே இருந்தன. கதவு நாலு, பின்னால் டிக்கி. குணா அண்ணன்தான் விளக்கினார். டூரிங் கார் என்றால் அப்படித்தான். வெளித்தோற்றம் கடையில் விற்கும் கார், உள்ளே ஒரே ஒரு இருக்கை, சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு. எட்டிப் பார்த்தேன். மெத்தை, விரிப்பு எதுவும் இல்லை. காலடியில் வெறும் தகடு, அதில் பெடல்கள். அந்தத் தகடு எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் உள்ளே வைத்துத் தைத்த அந்தத் துணி எதற்கென்று கைக்கு உறைத்தது.

நோராவுக்கு முப்பத்தெட்டு வயது. மலாய்ப் பெண். ஒல்லியாக, உயரமாக, தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். என் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது அவர்கள் வணக்கம். ஷூவை வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். போட்டுக்கொண்டு வெளியே வந்து, நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

"கால ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுங்கண்ணா," என்றேன்.

குணா அண்ணன் மலாயில் கேட்டார். நோரா சிரித்தபடியே ஏதோ சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போய்விட்டார்.

"அச்சு அனுப்பினோமே, அது போதாதான்னு கேக்குது," என்றவர் குரலைத் தணித்தார். "யாருக்கும் காட்டாது தங்கச்சி. வீட்டுலயும் சாக்ஸோடதான் இருக்குமாம்."

நான் வற்புறுத்தவில்லை. என் காலை யாராவது காட்டு என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வற்புறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்யும் ஓட்டம். நேர்ச்சாலையின் முடிவில் ஒரு வளைவு. எல்லாக் கார்களும் அங்கே வந்து மூக்கை அமுக்கித் திரும்பின. நோராவின் கார் திரும்பவில்லை. சக்கரங்கள் உருளாமல் அப்படியே இழுத்துக்கொண்டு நேராகப் போய், சரளைக்கல் பரப்பில் புதைந்து நின்றது. புழுதி அடங்கியது. கதவு திறந்து அவர் தானே இறங்கி நடந்து வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளைத் தட்டினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருக்கலாம்.

குழுவின் மேலாளர் நல்ல மனிதர்தான், கத்தவில்லை. கணினித் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். பிரேக்கை எவ்வளவு அழுத்தினார், எப்படி விட்டார் என்பதைக் கோடாக வரைந்து காட்டும் திரை அது. மற்றவர்களின் கோடு மேலே ஏறிச் சரிவாக இறங்கியது. நோராவின் கோடு ஏறி, அங்கேயே நின்று, மதில் இடிந்த மாதிரி விழுந்தது. அழுத்துவது யாராலும் முடியும், கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் வித்தை. விடுவது அவர் காலுக்குத் தெரியவில்லை. கடைசிச் சுற்றில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஓட்டுநரை உட்கார வைப்பேன் என்றார். குணா அண்ணன் அதை எனக்குத் தமிழில் சொன்னபோது நோராவும் பக்கத்தில்தான் நின்றார்.

மறுநாள் ஞாயிறு பந்தயத்தில் நோரா இறங்கவில்லை, அன்று மாலையே லாரி மலேசியாவுக்குப் புறப்பட்டது. என்னையும் அதிலேயே ஏற்றிக்கொண்டார்கள். விமானத்தில் போக வேண்டிய நோரா, பையோடு வந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். குணா அண்ணன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி இடம் விட்டார். "மனசு சரியில்லன்னா இப்படித்தான் தங்கச்சி. லாரியிலதான் வரும்," என்றார் தமிழில்.

வழியெல்லாம் குணா அண்ணன் அந்த வருடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு சுற்றில் நோரா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே போனில் பார்த்தது. மூன்றாவதில் வந்து கடைசியாக முடித்தது. நான்காவதில் பாதியில் காரை ஓரங்கட்டி, உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. நோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். சற்றுத் தள்ளி ஓர் அம்மாவின் சாப்பாட்டுக் கடை. குழாய் வாங்க குணா அண்ணன் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு போனார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத நாங்கள் இருவரும் கடையில் மிஞ்சினோம்.

கடைக்கார அம்மா தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிக் கருவாடும் வைத்தார். அந்தக் காரம் எங்கள் ஊர்க் காரம். தின்ன முடியாமல் தின்றேன். முந்தின நாளிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் என் வலது கால் விண்விண்ணென்று தெறித்தது. சுற்றிலும் யாருமில்லை என்று ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

நோரா பார்த்தார். என் காலை அல்ல, முதலில் ஷூவைத்தான். கையில் எடுத்தார். அடியில் மூன்று அங்குலம் ஏற்றி வைத்த கட்டை, குதிகாலைப் பிடிக்க உள்ளே வைத்த தோல் மடிப்பு, ஒவ்வொன்றிலும் விரலை ஓட்டினார். பிறகு என்னைக் காட்டி, ஷூவைக் காட்டி, தைப்பதுபோல் கையசைத்தார். நீயா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையசைத்தேன். அப்புறம்தான் என் காலைப் பார்த்தார். நான் மூடவில்லை.

 பிறகு அவர் குனிந்து, தன் இடது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

அச்சில் பார்த்த கால்தான். ஆனால் அச்சில் தையல் தழும்புகள் இல்லை, அந்த இளஞ்சிவப்புத் தோல் இல்லை. பாதத்தைக் கையில் ஏந்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். தரையில் ஊன்றும்படி சைகை காட்டினேன். ஊன்றியதும் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சுண்டுவிரல் ஓரம் வெளுத்தது. உட்பக்கம் தரையைத் தொடவே இல்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. படுத்திருக்கும் கால் வேறு, ஊன்றுகிற கால் வேறு. இதை என் உடம்பிலேயே இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும், ஆஸ்பத்திரியில் படுத்தபடி எடுத்த அச்சுக்கு மூன்று ஜோடி தைத்திருக்கிறேன்.

குணா அண்ணன் திரும்பி வந்ததும் சொன்னேன்: "அண்ணா, லாரிக் கதவத் திறங்க. அவங்க கார்ல உக்காரணும்."

"இப்பவா?"

"பிரேக்க மிதிக்கும்போது அந்தக் காலு இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும்."

லாரியின் உள்ளே, வார் போட்டுக் கட்டிய பந்தயக் காரில் நோரா வெறுங்காலோடு உட்கார்ந்தார். நான் கதவு வழியாகக் கூண்டுக் குழாய்களுக்கிடையில் நுழைந்து, செல்போன் வெளிச்சத்தோடு பெடலுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்தேன். சர்ச்சில்கூட இவ்வளவு குனிந்ததில்லை. மிதிக்கச் சொன்னேன். கால் ஒழுங்காகத்தான் போய் விழுந்தது. பாரம் ஏற ஏற வெளியே புரண்டது. புரண்டதும் பெடலை உள்ளங்கால் அழுத்தவில்லை, ஷூ போட்டிருந்தால் அதன் ஓரம்தான் அழுத்தும். ஓரத்துக்கு உணர்வு ஏது? என் உள்ளங்கையைப் பெடலுக்கும் விரல் இல்லாத அந்த இடத்துக்கும் நடுவில் கொடுத்தேன். மிதித்தார். இந்தத் தடவை கால் புரளவில்லை. மெல்ல விட்டார். மறுபடி மிதித்தார், மறுபடி மெல்ல விட்டார். மேலே அவர் ஏதோ சொன்னார். 

"என்னாண்ணா சொல்றாங்க?"

"தெரியுதாம் தங்கச்சி," என்றார் குணா அண்ணன் லாரிக்கு வெளியிலிருந்து. "பிரேக் தெரியுதாம்."

கடைசிச் சுற்று நடக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. பாதுகாப்புச் சோதனை முத்திரை பதித்த ஷூவின் வெளிப்புறத்தைக் கத்தியால் தொட அனுமதி இல்லை. உள்ளே, அதே நெருப்புப் பிடிக்காத துணி சுற்றிய திண்டு வைக்கலாம் என்று சோதனை அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆட்டுத்தோல் துண்டுகளை ஊரிலிருந்தே பையில் போட்டு வந்திருந்தேன். பெடலுக்கும் காலுக்கும் நடுவில் என் உள்ளங்கை செய்ததை இந்தத் தோல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை. புதன், வியாழன் இரண்டு நாளும் அதுதான் செய்தேன். முதல் திண்டு தடிமனாகி விரல்மூட்டில் குத்தியது. இரண்டாவது வேர்வையில் நனைந்ததும் வழுக்கியது. மூன்றாவதை ஓரம் சீவிச் சீவி வைத்தேன். நோரா போட்டுப் பார்ப்பார், இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி "சிக்கிட்" என்பார். கொஞ்சம் என்று அர்த்தம். நான் சீவுவேன். மறுபடியும் சிக்கிட். சவரக்கத்தி மயிர் எடுக்கிற அளவுக்குச் சீவுவேன். இப்போது அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதில்லை. என் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்துவிடுவார். மெக்கானிக்குகள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை ராஜா போன் செய்தார். "சாப்டியா? வேல ஆச்சா?"

"இன்னும் ஆவலங்க. ஆனா இன்னா பண்ணணும்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஆயிடும்," என்றார்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி. மேலாளரின் திரை முன்னால் நின்றேன். இந்தத் தடத்து நேர்ச்சாலை முடிவில் கோடு ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குணா அண்ணன் முழங்கையால் இடித்தார். திறந்து பார்த்தால், கோடு ஏரிக்கரை மாதிரி சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் வேறு ஓட்டுநருக்கென்று வெளியே எடுத்து வைத்திருந்த உடையை மடித்து அலமாரியில் வைத்தார்.

ஞாயிறு பிற்பகல் பந்தயம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் எப்போதாவது வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போமே, அதுபோல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார்கள் கதவோடு கதவு உரசிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துப் போயின. பதினாலாவது இடத்திலிருந்து புறப்பட்ட நோரா, நேர்ச்சாலை முடிவில் மற்றவர்கள் பிரேக் போட்ட பிறகும் ஒரு கணம் பொறுத்து, பிறகு போட்டு, ஒவ்வொருவராகத் தாண்டினார். எட்டாவதாக முடித்தார். எட்டாவதுக்குக் கோப்பை கிடையாது. காரிலிருந்து இறங்கியதும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நனைந்த உடையோடு என்னைக் கட்டிக்கொண்டார். பெட்ரோலும் ரப்பரும் வேர்வையும் கலந்த வாசனை. தோல் ஷெட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்கு எந்த வாசனையும் பெரிதில்லை.

மழை விட்டபின் லாரியின் பின்பலகையில் மூவரும் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நோரா குணா அண்ணனிடம் நிதானமாகப் பேசினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாண்ணா?"

"இதோட நிறுத்திக்குதாம். இதான் கடைசிப் பந்தயம். போன வாரமே முடிவு பண்ணிருச்சாம்." கீழே வைத்த கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "கால் போச்சு, அதனால விட்டுட்டான்னு யாரும் சொல்லக் கூடாதுன்னுதான் இவ்ளோ போராட்டமாம். ஓட்ட முடியும்னு காட்டிட்டு, நானா எறங்குறேன்னு சொல்லுது."

 அவ்வளவு சீவியதும் ஒரே ஒரு பந்தயத்துக்கா? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்த பிள்ளை மாதிரி தெளிவாக இருந்தது. அந்த ஒரு பந்தயமே போதும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

திங்கட்கிழமை காலை இருவரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். ராஜாவுக்கென்று குணா அண்ணன் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார். பரிசோதனையில் பிடுங்கிவிடுவார்களோ என்று அதைத் துணிகளுக்கு நடுவில் திணித்துக்கொண்டிருந்தபோது, நோரா என் கையைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"செருப்பு வேணுமாம்," என்றார் குணா அண்ணன். "ஷூ இல்ல. முன்னால திறந்த செருப்பு. மார்க்கெட்டுக்கு, கடற்கரைக்குப் போட்டுக்கிற மாதிரி."

"காலு தெரியுமே. பரவால்லயான்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. நோரா அதற்குள் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கருவாட்டைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தில் மேல்தாளை உரித்துத் தரையில் விரித்தேன். என் காலை மடக்கிக்கொண்டு உட்காருவதே பெரும்பாடு. குணா அண்ணன் தோள் கொடுத்தார். நோரா சாக்ஸை உருவி, அத்தனை ஜனம் போய்வரும் கூடத்தில் வெறும் பாதத்தைக் காகிதத்தின்மேல் முழு பாரத்தோடு ஊன்றி நின்றார். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வழுக்கும் என்று எழுதிய தன் மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனது.

குதிகாலிலிருந்து பென்சிலை மெல்லக் கொண்டுவந்தேன். விரல்கள் இல்லாத வளைவில் இன்னும் மெல்லப் போனேன். கூச்சத்தில் அவர் சிரித்தார், காலை எடுக்கவில்லை.

"என்ன கலரு வேணுமாம்?" என்றேன் நிமிர்ந்து.

நோரா யோசிக்கவேயில்லை. சொன்னதைக் கேட்டு குணா அண்ணனும் சிரித்துவிட்டார்.

"செவப்பாம் தங்கச்சி. தூரத்துலேருந்தே தெரியணுமாம்."